ஒஸ்டின் பிக்கப்பும் மின்சாரப் பெற்றோல் பம்பும்

எங்கள் வீட்டில் நிற்கும் ஒஸ்டின் ஏ55 பிக்கப், நிலாவெளித் தோட்டங்களிலிருந்து சின்ன வெங்காய மூட்டைகளைத் திருகோணமலைச் சந்தைக்கு ஏற்றி வருவதற்காக அப்பா வாங்கியது. 1489 சிசி கொள்ளளவும் ஏறத்தாழ 50 குதிரை வலுவும் கொண்ட அதன் எஞ்சின், இரண்டு முறை முழுமையாகப் பிரித்துப் பூட்டப்பட்ட பின்னரும் காலை வேளைகளில் தயக்கமின்றி ஓடத் தொடங்கும். அதன் நோய் நண்பகலுக்குப் பிறகுதான் வெளிப்படும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், கந்தளாயைக் கடந்து ஹபரணை நோக்கிச் செல்லும் ஏ6 வீதியில், எஞ்சின் முதலில் இரண்டு தடவை இருமும். பின்னர் இழுவை குறைந்து, நான் ஓரத்துக்குத் திருப்புவதற்குள் நின்றுவிடும். போத்தல் தண்ணீரில் நனைத்த துணியைப் பெற்றோல் பம்பின்மேல் போட்டுவிட்டு இருபது நிமிடம் மர நிழலில் காத்திருந்தால், ஒன்றுமே நடவாததுபோல மீண்டும் ஓடும்.

ஈரத்துணி வைத்தியம் பழைய சாரதிகள் அனைவரும் அறிந்ததுதான். எஞ்சினின் பக்கவாட்டில் போல்ட்டினால் இறுக்கப்பட்டிருக்கும் இந்தப் பம்பை எங்கள் மெக்கானிக்குகள் ஏ.சி. பம் என்பார்கள். குளிரூட்டியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர், நிறுவியவரான அல்பர்ட் சாம்பியனின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது. கேம் தண்டு சுழலும்போது ஒரு நெம்புகோல் அசைந்து, உள்ளிருக்கும் டயபிராம் எனப்படும் சவ்வை இழுத்து விடுகிறது. அந்த இழுப்பினால் பெற்றோல் பின்புறத் தாங்கியிலிருந்து வண்டியின் முழு நீளத்தையும் கடந்து வருகிறது. சிக்கலும் அந்த இழுப்பிலேயே இருக்கிறது. பெற்றோலின் இலேசான கூறுகள் நாற்பது பாகை செல்சியசை எட்டும் முன்பே ஆவியாகத் தொடங்கக்கூடியவை. உறிஞ்சப்படும் குழாயில் அழுத்தம் குறைவதால் அவை இன்னும் குறைந்த வெப்பத்திலேயே குமிழிகளாகிவிடும். எஞ்சினின் சூட்டைத் தன் உடலில் ஏந்திக்கொண்டிருக்கும் பம் அந்தக் குமிழிகளை அமுக்கி விரிக்குமே ஒழிய, திரவத்தை முன்னே அனுப்பாது.

ஆயினும் எஞ்சின் நிற்பதற்கெல்லாம், இப்படிக் குமிழிகள் வழியை அடைக்கும் ஆவியடைப்பே காரணம் என்று முடிவுகட்டுவது தவறு என்பதை, பாலையூற்றில் கராஜ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பொறுமையாகக் கற்பித்தார். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களைப் பழுது பார்த்துப் பழகியவர் அவர். எரிபொருள் எங்கே தடைப்படும் என்பதைக் கையால் தடவியே சொல்லக்கூடியவர். மின்சாரப் பம் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "தம்பி, முதல்ல தாங்கி மூடியைத் திறந்து பார்த்தீங்களா?" என்றுதான் கேட்டார். மூடியில் உள்ள சிறு காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால் பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, எந்தப் பம்பாலும் இழுக்க முடியாமல் போகும். நின்ற இடத்தில் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் நோய் அங்கேதான் இருக்கிறது.

என் வண்டியில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அடுத்ததாக, தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள இறப்பர் ஓஸ்களை வளைத்துப் பார்க்கச் சொன்னார். உறிஞ்சும் பக்கத்து ஓஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு துளியும் சிந்தாது. மாறாகக் காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். இரண்டு துண்டு ஓஸ்களை நான் அப்போதே மாற்றினேன். மூன்றாவதாக, பொறிக்கு மின்சாரம் தரும், சூடேறிய பின் செயலிழக்கும் இக்னிஷன் கொயிலும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும். ஆகவே நின்றவுடன் பிளக் வயரைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். பொறி நன்றாக இருந்து, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றருக்குள் போகும் குழாயைக் கழற்றி எஞ்சினைச் சுற்றும்போது பெற்றோலுக்குப் பதிலாக நுரையும் காற்றும் வந்தால்தான் ஆவியடைப்பு என்று சொல்ல முடியும்.

அந்த நுரையை நான் கண்ணால் கண்ட இடம் சீனக்குடா. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் கட்டிய பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வரிசையாக நிற்க, அவற்றின் அருகே ஒரு கரண்டிப் பெற்றோல் மேலே ஏறாமல் நான் வீதியோரம் நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மின்சாரப் பம்புக்கு மாற இன்னொரு காரணமும் இருந்தது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டு, கியூ.ஆர். குறியீட்டு முறையில் பெற்றோல் வழங்கப்பட்ட மாதங்களில் பிக்கப் பெரும்பாலும் கொட்டிலிலேயே நின்றது. ஒரு வாரம் நின்றாலே காபரேற்றர் கிண்ணத்திலுள்ள பெற்றோல் ஆவியாகிவிடும். பின்னர் பழைய பம் அதை நிரப்புவதற்குள் பற்றறி களைத்துவிடும். மின்சாரப் பம் என்றால் சாவியைத் திருப்பிச் சில நொடி காத்திருந்தாலே கிண்ணம் நிரம்பிவிடும். மொறிஸ் மைனர் வைத்திருந்தவர்களுக்கு இது புதுமையல்ல. அந்தக் காருக்குத் தொழிற்சாலையிலிருந்தே எஸ்.யூ. நிறுவனத்தின் மின்சாரப் பம் பூட்டி வந்தது. சாவியைத் திருப்பியதும் "டிக் டிக்" என்று அடித்து அடங்கும் அந்த ஓசையைச் சிறுவயதில் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பம் வாங்கும்போது பெரும்பாலானோர் செய்யும் பிழை, அது மணிக்கு எத்தனை லீற்றர் தரும் என்று பார்ப்பது. இந்த எஞ்சின் முழு வலுவில் ஓடினாலும் மணிக்குப் பதினைந்து லீற்றரளவே குடிக்கும். சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய பம்பும் அதைப்போல் சில மடங்கு தரும். பார்க்க வேண்டியது அழுத்தத்தை. காபரேற்றர் கிண்ணத்தின் வாயை அடைக்கும் சிறிய ஊசியும் மிதவையும் ஏறத்தாழ 2 முதல் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரையான அழுத்தத்தைத்தான் தாங்கிப் பிடிக்கும். அதற்கு மேல் போனால் ஊசி தோற்று, பெற்றோல் கிண்ணத்திலிருந்து வழிந்து, கீழே கொதித்துக்கொண்டிருக்கும் புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மேனிபோல்டின்மேல் விழும். பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில், இன்ஜெக்‌ஷன் காரொன்றின் தாங்கியிலிருந்து கழற்றிய பம்பை மலிவு விலைக்குக் காட்டினார்கள். அத்தகைய பம்புகள் பெற்றோலை எஞ்சினுக்குள் பீச்சுவதற்காக 40 பி.எஸ்.ஐ. அளவில் அடிப்பவை, காபரேற்றர் வண்டியில் அவற்றைப் பூட்டுவது தீப்பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பெற்றோலில் குளிப்பதற்குச் சமம். கொழும்புக்குப் போன உறவினர் ஒருவர் மூலம் பஞ்சிகாவத்தையிலிருந்து, சதுர வடிவிலான 4 பி.எஸ்.ஐ.க்கு மேற்படாத சிறிய பம்பொன்றை வரவழைத்தேன். அதோடு காபரேற்றருக்கு முன்னால் 2.5 பி.எஸ்.ஐ.யில் நிறுத்தி வைக்கக்கூடிய அழுத்தக் கட்டுப்படுத்தி ஒன்றையும் வாங்கினேன்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். அந்த முதல் பம் பதினைந்து வினாடி கூட உயிரோடு இருக்கவில்லை. சிவப்பு வயரை மின் வழங்கலுக்கும் கறுப்பு வயரை வண்டியின் இரும்புச் சட்டமான சசிக்கும் கொடுத்தேன். இன்றைய எந்த வண்டியிலும் அதுவே சரி. ஆனால் அக்காலத்து ஒஸ்டின்களில் பற்றறியின் நேர்முனைதான் சசியோடு இணைக்கப்பட்டிருக்கும். டைனமோ, கொயில், வைப்பர் மோட்டார் எல்லாவற்றோடும் இத்தனை ஆண்டு பழகியவனுக்கு இது தெரியாததல்ல. கை பழக்கத்தில் வேலை செய்தது, மூளை பார்த்துக்கொண்டிருந்தது. பழைய எஸ்.யூ. பம்பில் உள்ள பொயின்ற்ஸ் எனப்படும் தொடுமுனைகள், மின்சாரம் எத்திசையில் வந்தாலும் அடிக்கும். புதிய பம்பினுள்ளே இருப்பதோ டிரான்சிஸ்டர்; திசை மாறினால் அது கருகும், அவ்வளவுதான்.

இரண்டாவது பம்பைக் கையில் எடுத்தபோது, முதலில் மீற்றரை வைத்து அதன் உலோக உடலுக்கும் இரண்டு வயர்களுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். தொடர்பு இருந்திருந்தால், சசியோடு முட்டாதபடி பம்பை இறப்பரிலும் பிளாஸ்டிக் வாசரிலும் தனிமைப்படுத்தியிருக்க வேண்டும். பின்னர் சிவப்பைச் சசிப் பக்கத்துக்கும் கறுப்பைப் பியூஸ் வழியாக வரும் வயருக்கும் கொடுத்தேன். பியூஸ் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பம் ஒன்று, ஒன்றரை அம்பியர்தான் எடுக்கும். அதற்கு 5 அம்பியர் பியூஸ் தாராளம். பழைய லூக்காஸ் பெட்டியில் உள்ள கண்ணாடிப் பியூஸில் 35 என்று அச்சிட்டிருக்கும். அது பியூஸ் உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதிதான். என்றாலும் அதிலேயே பம்பையும் இணைத்தால், பம்பின் மெல்லிய வயர் எரிந்து முடிந்த பின்னும் பியூஸ் உயிரோடு இருக்கும். ஆகவே தனிப் பியூஸ் அவசியம்.

பம்பை எங்கே பொருத்துவது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. இந்த வகைப் பம் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோம்பேறி. ஆதலால் தாங்கிக்கு அருகில், தாங்கியின் அடிமட்டத்தை ஒட்டிய உயரத்தில், எக்ஸோஸ்ட் குழாய்க்கு எதிர்ப்புறமாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் வண்டியின் நீளம் முழுவதும் பெற்றோல் உறிஞ்சப்படுவதற்குப் பதிலாக அழுத்தத்தோடு தள்ளப்படுகிறது. அழுத்தத்தில் உள்ள திரவம் எளிதில் ஆவியாகாது என்பதே இந்த மாற்றத்தின் முழுப் பயன். எஞ்சின் அறைக்குள் எளிதாக எட்டும் இடத்தில் பொருத்திவிட்டு, மின்சாரப் பம்பும் பயனில்லை என்று குறைகூறுபவர்களை நான் கண்டிருக்கிறேன். நான் சரக்குத் தட்டின் கீழே, சசிச் சட்டத்தின் உட்புறத்தில், வெளிவாய் மேல்நோக்கி இருக்கும்படி, இரண்டு இறப்பர்த் திண்டுகளின்மேல் வைத்தேன். பம்புக்கு முன்னால் துருவைப் பிடிக்கும் பருமனான பில்டரும், காபரேற்றருக்கு முன்னால் நுண்ணிய பில்டரும் இருக்கின்றன. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற தாங்கியின் துரு முதல் இரண்டு வாரத்திலேயே முன் பில்டரைச் செங்கபிலமாக்கியது.

கடலோரத்தில் வாழ்பவர்கள் வயரிங்கில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். உப்புவெளிப் பக்கத்தில் ஒரு வருடம் திறந்த வெளியில் நின்ற வண்டியின் எர்த் இணைப்பை, அதாவது மின்சுற்றைச் சசியோடு சேர்க்கும் முனையை, கழற்றிப் பார்த்தால் பச்சைப் பொடியாகத்தான் இருக்கும். என் வண்டியில் எஞ்சின் ஓடும்போது பற்றறியில் 13.2 வோல்ற் இருக்க, பம்பின் முனையில் 10.8 மட்டுமே கிடைத்தது. வழங்கும் வயரில் தவறில்லை. துருப்பிடித்த சசியை நம்பி நான் கொடுத்த எர்த்தில்தான் இழப்பு இருந்தது. தனி வயர் ஒன்றைப் பற்றறியின் நேர்முனை வரை இழுத்த பின்னர் அந்த இழப்பு அரை வோல்ற்றுக்குள் வந்தது. எல்லா இணைப்புகளையும் நசுக்கிப் பூட்டி, வெப்பத்தில் சுருங்கும் உறையால் மூடி, வசலின் தடவினேன்.

பழைய பம்பைக் கழற்றுவதா, அதனூடாகவே புதிய பம்பின் பெற்றோலை அனுப்புவதா என்ற கேள்விக்கு இரண்டு தரப்பிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றால் வேலை குறைவு; மின்சாரம் கைவிட்டாலும் வழியில் ஓடும். ஆனால் பின்னாலிருந்து அழுத்தம் வரும்போது பழைய பம்பின் சவ்வு கிழிந்தால், பெற்றோல் நேரே எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். நீர்த்துப்போன ஒயில் பெயரிங்குகளைத் தின்பதோடு, எஞ்சின் அடியில் பெற்றோல் ஆவி நிறைவது வெடிப்புக்கே வழிவகுக்கும். கராஜ் அண்ணன் ஒயில் கம்பியை உருவி என் மூக்கருகே பிடித்தபோது அதில் இலேசான பெற்றோல் வாசம் இருந்தது; சவ்வு ஏற்கனவே சோர்ந்திருந்திருக்கிறது. அன்றே ஒயிலை மாற்றி, பம்பைக் கழற்றி, 5 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டைப் பழைய கஸ்கெட்டின் அளவுக்கு வெட்டி அந்தத் துவாரத்தை மூடினோம்.

இத்தனையும் முடிந்து மூன்று வாரம் நன்றாக ஓடிய பிறகுதான், நான் கழற்றி எடுத்தது வெறும் பம்பை மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது. நிலாவெளியில் ஒரு தோட்டத்து வாசலில், மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், ஐடிலில் ஓடிய எஞ்சின் தானாக நின்றது. சாவியைத் திருப்பாமலேயே இறங்கிப் போய் மூட்டைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டக்காரரின் மகன், "மாமா, பெற்றோல் மணக்குது" என்று ஓடிவந்தான். பில்டரையும் மீறிப் போன ஒரு துகள் ஊசியில் சிக்கியிருந்தது. எஞ்சின் நின்று ஐந்து நிமிடமாகியும் பம் தன் கடமையைச் செய்துகொண்டிருக்க, காபரேற்றரின் பக்கத்தால் பெற்றோல் வழிந்து மண்ணை நனைத்திருந்தது. மேனிபோல்ட் ஓரளவு ஆறியிருந்ததால் தப்பினோம். பழைய பம்பிடம் எத்தனை குறை இருந்தாலும், எஞ்சின் சுழலாவிட்டால் அதுவும் அசையாது. மின்சாரப் பம்பைப் பூட்டுபவர் அந்தக் குணத்தை வயரிங்கில் மீண்டும் உண்டாக்கிக் கொடுக்காவிட்டால், வேலையில் பாதியைத்தான் முடித்திருக்கிறார்.

நான் தேர்ந்தெடுத்த வழி ஒயில் அழுத்த சுவிச். எஞ்சின் ஓடினால் ஒயில் அழுத்தம் இருக்கும். நின்றால் சில நொடிகளில் இறங்கிவிடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கை எரிக்கும் சாதாரண சுவிச், அழுத்தம் இல்லாதபோது மூடியிருந்து, அழுத்தம் வந்ததும் திறப்பது. நமக்கு வேண்டியதற்கு நேர்மாறானது. சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிச்சான றிலேயில் மாற்றுமுனை உள்ளதொன்றைப் போட்டு அதையே தலைகீழாக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். அவ்வாறு செய்தால், சுவிச்சுக்குப் போகும் வயர் எங்காவது அறுந்துபோகும் நாளில் பம் நிற்காமல் ஓடும். பாதுகாப்புக்காகப் போடும் சுற்று, பழுதடையும்போது ஆபத்தின் பக்கம் சாயக்கூடாது. ஆகவே அழுத்தம் வந்தால் மட்டும் மூடும் வகைச் சுவிச்சை வாங்கி, எஞ்சினில் ஒரு டீ இணைப்பின் வழியாகப் பழைய சுவிச்சுக்குப் பக்கத்திலேயே பொருத்தினேன். சாவியிலிருந்து வரும் மின்சாரம் இந்தச் சுவிச்சைக் கடந்துதான் றிலேயின் சுருளுக்குப் போகும். வயர் அறுந்தால் பம் நிற்கும்.

ஆனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒயில் அழுத்தம் எங்கிருந்து வரும்? அதற்காக டாஷ்போர்டின் கீழே, கையை எடுத்ததும் தானே மீளும் அழுத்துப் பொத்தான் ஒன்றை அந்தச் சுவிச்சுக்கு இணையாகக் கொடுத்தேன். ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் கிண்ணம் நிரம்பும். பூட்டி நிற்கும் வகைச் சுவிச்சை இங்கே போட்டால், ஒருநாள் அதை மறந்து விட்டுவிட்டு மீண்டும் நிலாவெளிக் கதைக்கே வந்து சேருவோம். றிலே வாங்கும்போதும் அதனுள்ளே டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். நேர்முனை எர்த் உள்ள வண்டியில், டயோட் உள்ள றிலேயை வழக்கம்போல இணைத்தால் முதல் நொடியிலேயே பியூஸ் போகும்.

விபத்தில் வண்டி மோதி நிற்கும்போது ஒயில் சுவிச் மட்டும் போதாது. எஞ்சின் தொடர்ந்து ஓடலாம், குழாயோ உடைந்திருக்கலாம். மோதலின் அதிர்வில் தானாகத் துண்டிக்கும் சுவிச்சுகள் பல இன்ஜெக்‌ஷன் கார்களில் இருக்கின்றன. அப்படியொன்றைப் பழைய பாகக் கடையில் வாங்கி, காபினுக்குள், அதன்மேல் குறித்திருந்தபடி நிமிர்ந்த நிலையில், றிலேக்கு முன்னால் பொருத்தினேன். நிலாவெளி வீதியில் இரவில் படுத்திருக்கும் மாடுகளை அறிந்தவர்கள் இதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஓஸ் விடயத்தில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்கென்று விற்கும் இறப்பரும், தெளிவாகத் தெரிகிறதே என்பதற்காகப் போடும் பிளாஸ்டிக் குழாயும் பெற்றோலில் சில மாதங்களிலேயே விறைத்து வெடிக்கும். முடிந்தவரை உலோகக் குழாயும், இணைப்புகளில் மட்டும் பெற்றோலுக்கென்றே செய்த ஓஸும் இருக்கட்டும். எல்லாம் பூட்டியதும் காபரேற்றர் முனையைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பாருங்கள். எனக்கு அரை லீற்றருக்குச் சற்று மேல் வந்தது. எஞ்சினின் தேவையைப்போல் நான்கு மடங்கு. அதன் பிறகு பம்பின் ஓசையே உங்களுக்கு வைத்தியர். கிண்ணம் வெறுமையாக இருந்தால் வேகமாக அடிக்கும், நிரம்பினால் நிதானமாகும். நிரம்ப வேண்டிய நேரத்திலும் நிதானிக்காவிட்டால், தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அம்மாவுக்கு இன்னும் அது பல்லி சொல்வதுபோலத்தான் கேட்கிறது. நான் வெளிக்கிடும்போது எந்தத் திசையில் சொல்கிறது என்று பார்ப்பார்.

கடந்த கச்சான் பருவத்தில் மூட்டைகளோடு தம்புள்ளைக்கு நான்கு தடவை போய்வந்தேன். வீதியில் ஒருமுறையேனும் நிற்கவில்லை. ஒரு குறை மட்டும் தீரவில்லை. சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டு வந்தால், காபரேற்றர் கிண்ணமே கொதித்துப் பெற்றோல் உள்ளே சொட்டியிருக்கும். முதல் சுற்றில் திணறும். இதற்குப் பம் பொறுப்பல்ல. காபரேற்றருக்கும் மேனிபோல்டுக்கும் இடையே தடித்த வெப்பத் தடுப்புத் திண்டும், கீழே ஒரு தகரக் கவசமும் வைக்க வேண்டும். அந்தத் தகரத்தை வெட்டி வைத்திருக்கிறேன். திண்டுக்கு நீளமான ஆணிகள் தேவைப்படுவதால் வேலை நிற்கிறது. வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன்னர் கட்டுப்படுத்தியின் அழுத்தத்தையும் மீற்றர் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். மிதவைக் கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் சற்று உயர்ந்து நின்றாலே கலவை செறிவாகிப் புகை கறுக்கும். பழைய ஏ.சி. பம்புக்குப் புதிய சவ்வு போட்டு, ஒயில் தடவி, கடதாசியில் சுற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஹபரணைக் காட்டுக்குள் மின்சாரப் பம் கைவிட்டால், அலுமினியத் தகட்டைக் கழற்றி அதைப் பூட்ட அரை மணி நேரம் போதும்.